மூன்று முறை இன்சார்ஜ்

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர் எழுதியது)



ஆண்டு மலருக்கு ஒரு தலைவர் வரலாறு எழுதித் தரச் சொல்லி மலர்க் குழுவினர் என்னைப் பிடித்தபோது, நழுவத்தான் பார்த்தேன். காந்தி, பாரதி, காமராஜர், அப்துல் கலாம் என்று எல்லாரையும் நம் சீனியர்கள் முந்தைய மலர்களிலேயே எழுதி முடித்துவிட்டார்கள். மிச்சம் யார் இருக்கிறார்கள் என்று கேன்டீனில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது, சேப்பாக்கத்தில் பார்த்த ஒரு சிலை ஞாபகத்துக்கு வந்தது.

அக்கா தொலைதூரக் கல்வியில் டிகிரி முடித்திருந்தாள். அந்தச் சான்றிதழை வாங்கத் துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். தாம்பரத்தில் பீச் ரோடு வழியாகப் போகும் பிராட்வே பஸ் ஏறி, கிண்டி தாண்டும்வரை நின்றுகொண்டே போய், பல்கலைக்கழக வாசலில் இறங்கினோம். கவுன்டரில் வரிசை வாலாய் நீண்டிருந்தது. அக்காவை வரிசையில் விட்டுவிட்டு வளாகத்தைச் சுற்றப் போனேன். செனட் ஹவுஸ் கட்டடம் சிசோம் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1870-களில் கட்டியது. சிவில் பிரிவு நண்பர்கள் கட்டாயம் ஒரு நாள் போய்ப் பாருங்கள். அங்கேதான் சுப்பிரமணிய ஐயர் என்ற பெயரோடு ஒரு சிலை. நான் தி இந்து, சுதேசமித்திரன் பத்திரிகைகளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் என்று நினைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, கும்பிடு ஆள் மாறிப் போயிருக்கிறது! இவர் எஸ். சுப்பிரமணிய ஐயர். வக்கீல், அரசியல்வாதி, உயர் நீதிமன்ற நீதிபதி, பல்கலைக்கழகத் துணைவேந்தர்... எல்லாம் ஒரே ஆள்.

கன்னிமாராவில் அவரைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. 1899, 1903, 1906 ஆகிய மூன்று வருடங்களில் அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்திருக்கிறார். மூன்று முறையும் தற்காலிகம்தான்.

இதைப் படித்ததும் எனக்கு எங்கப்பா ஞாபகம்தான் வந்தது. அப்பாவும் நம்மைப் போல டிப்ளமோ மெக்கானிக்கல். இருபத்தாறு வருடமாக ஒரே தொழிற்சாலையில் வேலை. ஷாப் மேனேஜர் இடம் காலியானபோதெல்லாம் அப்பாதான் இன்சார்ஜ். அப்படி மூன்று தடவை. ராத்திரி பத்து மணிக்கு பிரஸ் நின்றாலும் அப்பாவுக்குத்தான் போன் வரும். ஒவ்வொரு தடவையும் நாலு மாசம், ஆறு மாசம் கழித்து ஒரு பி.இ. பட்டதாரி வந்து சேருவார். அப்பா சாவிக்கொத்தையும் ரெஜிஸ்டரையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் பழைய மேஜைக்குத் திரும்பிவிடுவார். வந்தவருக்கு வேலை கற்றுக்கொடுப்பதும் அப்பாதான். வீட்டில் இதைப் பற்றி அவர் பேசவே மாட்டார். அம்மாதான் பேசுவார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன்.

சுப்பிரமணிய ஐயர் 1842 அக்டோபர் 1-ம் தேதி மதுரைச் சீமையில் பிறந்தவர். அப்பா சுப்பையர் ராமநாதபுரம் ஜமீனுக்காக வழக்கு விவகாரங்களைக் கவனித்தவர். பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போதே அவர் காலமாகிவிட்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்றுக்கொண்டு, பிறகு ஜில்லா பள்ளியில் படித்து, மீசை முளைக்கும் வயசில் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அந்தக் காலத்து மதுரைப் பையனுக்கு அதுவே பெரிய உத்தியோகம். மற்றவர்கள் அதோடு நின்றிருப்பார்கள்.

இவர் நிற்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் ஆரம்பித்ததே 1857-ல். உயர் நீதிமன்றம் திறந்தது 1862-ல். இரண்டுமே புத்தம் புதுசு. வேலை பார்த்துக்கொண்டே, காலேஜ் படியை மிதிக்காமல், மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ. என்று ஒவ்வொன்றாகத் தானே படித்துத் தேறி, 1868-ல் பி.எல். முடித்துவிட்டார். நமக்கு ஐந்தாவது செமஸ்டரில் இரண்டு அரியர் விழுந்தாலே உலகம் இருண்டுவிடுகிறது. அவருக்கு டியூஷன் இல்லை, கரண்ட் இல்லை, கொஸ்டின் பேங்க்கும் இல்லை. 1869-ல் மதுரையிலேயே வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார்.

இந்த வக்கீல் என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். இன்று கோர்ட்டில் வாதாடுகிற எல்லாரையும் வக்கீல் என்கிறோம். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. லண்டனுக்குக் கப்பலேறிப் போய், அங்கே சட்ட விடுதிகளில் இருந்து படித்துவிட்டு வந்தவர் பாரிஸ்டர். இங்கேயே பி.எல். எழுதித் தேறியவர் வக்கீல். ஒரே சட்டம், ஒரே கோர்ட்டு, ஒரே கட்சிக்காரர். ஆனால் ஏணி இரண்டு. பாரிஸ்டர் ஏணி கூரைவரை போகும். வக்கீல் ஏணிக்கு மேலே சில படிகளே கிடையாது. டிப்ளமோவுக்கும் பி.இ.க்கும் நடுவில் இருக்கிற கோட்டைப் பற்றி நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை அல்லவா? அதே கோடுதான்.

மதுரையில் பதினாறு வருடம் வக்கீல் தொழில் நடத்தினார். ராமநாதபுரம், சிவகங்கை என்று சுற்றிலும் ஜமீன்கள் நிறைந்த பூமி. சிவகங்கை ஜமீன் வாரிசு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1863-ல் தீர்ப்பானது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன். நல்ல வக்கீலுக்கு அங்கே வேலைக்குப் பஞ்சமே இல்லை. மதுரை நகராட்சியிலும் உறுப்பினராக இருந்தார். பேர் பரவியது. 1884-ல் சென்னை சட்டசபைக்கு அரசாங்கமே அவரை உறுப்பினராக நியமித்தது. இடையில் மனைவியை இழந்தார். 1885-ல் மதுரையை விட்டுச் சென்னைக்கே குடிவந்துவிட்டார்.

அதே வருடக் கடைசியில்தான் பம்பாயில் காங்கிரஸின் முதல் மாநாடு. பூனாவில் நடப்பதாக இருந்தது, காலரா வந்ததால் பம்பாய்க்கு மாற்றினார்கள். டிசம்பர் 28-ம் தேதி கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் கூடியவர்கள் மொத்தமே 72 பேர். நம் கல்லூரியின் ஒரு பிரிவு மாணவர்களைவிடக் கொஞ்சம்தான் அதிகம்! அந்த 72 பேரில் நான் குழம்பிய இரண்டு சுப்பிரமணிய ஐயர்களும் இருந்தார்கள். முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பத்திரிகைக்கார ஜி. சுப்பிரமணிய ஐயர். சட்டசபைகளில் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் உட்கார வேண்டும் என்று கேட்ட தீர்மானத்தை ஆதரித்துப் பேசியவர்களில் நம் வக்கீல் ஒருவர். அவரே அரசாங்கம் நியமித்த சட்டசபை உறுப்பினர். தன்னைப் போல நியமனத்தில் வருவது போதாது என்று அவரே எழுந்து சொன்னதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

1888-ல் அரசு வக்கீல் பதவி வந்தது. சென்னையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் அவர்தான். 1895 ஜனவரியில் நீதிபதி முத்துசாமி ஐயர் காலமானார். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி அவர். ஹைகோர்ட்டுக்குள் போகிறவர்கள் அவருடைய சிலையைப் பார்த்திருக்கலாம், கோர்ட்டுக்குள்ளேயே செருப்பில்லாமல் உட்கார்ந்திருப்பார். அவருக்கப்புறம் அந்த இடத்துக்குச் சுப்பிரமணிய ஐயர் நீதிபதியாக வந்தார். காங்கிரஸ் மேடையை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. பன்னிரண்டு வருடம் பெஞ்சில் இருந்தார்.

அந்தப் பன்னிரண்டு வருடத்துத் தீர்ப்புகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். எனக்குச் சட்டம் தெரியாது, புரிந்தவரைக்கும் சொல்கிறேன். 1897-ல் வந்த வேங்கடநரசிம்ம நாயுடு எதிர் தண்டமூடி கோட்டையா வழக்கு அது. தெலுங்குச் சீமையிலிருந்து வந்த வழக்கு. ஜமீன் நிலத்தை உழுகிற குடியானவனுக்கு என்ன உரிமை என்பதுதான் கேள்வி. ஜமீன் தரப்பு வாதம் எளிது: நிலம் ஜமீனுடையது, குடியானவன் வாடகைக்கு இருப்பவன், நோட்டீஸ் கொடுத்தால் காலி செய்ய வேண்டியதுதான். இங்கிலாந்துச் சட்டத்தை மட்டும் படித்தவருக்கு இது சரியாகத்தான் தோன்றும். அங்கே நிலப்பிரபு, குத்தகைக்காரன் என்று இரண்டே பேர்.

ஆனால் மதுரை, ராமநாதபுரம் ஜமீன் வழக்குகளில் ஊறிய மனுஷருக்கு மேல்வாரம், குடிவாரம் என்ற இரண்டு வார்த்தைகளும் அத்துபடி. விளைச்சலில் ராஜாவுக்குச் சேருவது மேல்வாரம், உழுதவனுக்குச் சேருவது குடிவாரம். ஜமீன்தாருக்குக் கிடைத்தது ராஜாவின் அந்தப் பங்கை வாங்கும் உரிமைதான். குடியானவனுடைய உரிமை ஜமீன்தார் கொடுத்து வந்ததில்லை, அவருக்கு முன்னாலிருந்தே மண்ணோடு வந்தது. ஆகவே ஜமீன் குடியானவனை வருடத்துக்கு வருடம் மாற்றக்கூடிய வாடகைக்காரன் என்று எடுத்துக்கொள்ள முடியாது, வெளியேற்றும் அதிகாரம் இருக்கிறதென்றால் ஜமீன்தார்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். பதினோரு வருடம் கழித்து 1908-ல் சென்னை மாகாணத்தில் எஸ்டேட் நிலச் சட்டம் வந்து ஜமீன் குடிகளுக்கு நிலைத்த உரிமை கொடுத்தபோது, அதற்கு வழி போட்டு வைத்திருந்தவற்றில் இந்தத் தீர்ப்பும் ஒன்று. பதினோரு மாச அக்ரிமென்ட்டில் செலையூர், கிழக்குத் தாம்பரம், பெருங்களத்தூர் என்று ஐந்து வீடு மாறிய எங்களைப் போன்றவர்களுக்கு, காலி செய்யச் சொல்ல நீ யார் என்று ஒரு நீதிபதி கேட்டார் என்றாலே ஒரு சந்தோஷம்தான். வீட்டு வாடகையும் விவசாய நிலமும் ஒன்றில்லை, தெரியும். இருந்தாலும் சந்தோஷம்.

இனி அந்த இன்சார்ஜ் விஷயம். 1861-ல் லண்டனில் இயற்றிய உயர் நீதிமன்றச் சட்டம் நீதிபதி நாற்காலிகளைப் பங்கு போட்டு வைத்திருந்தது. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பாரிஸ்டர்கள், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சிவில் சர்வீஸ் அதிகாரிகள், மீதியில் மற்றவர்கள். தலைமை நீதிபதி பாரிஸ்டராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் தலைமை நீதிபதி லீவில் போனாலோ, இடம் காலியானாலோ, இருக்கிற நீதிபதிகளில் ஒருவரைத் தற்காலிகமாக அந்த வேலையைப் பார்க்கச் சொல்லலாம். அதாவது, வேலையைச் செய்யத் தகுதி உண்டு. பதவியை வைத்துக்கொள்ளத் தகுதி இல்லை! முத்துசாமி ஐயருக்கும் 1893-ல் இப்படித்தான் சில மாதம். சுப்பிரமணிய ஐயருக்கு மூன்று தடவை. 1899-ல் அவர் தற்காலிகமாக இருந்து இறங்கிய பிறகு நிரந்தரத் தலைமை நீதிபதியாக வந்தவர் அர்னால்டு ஒயிட். இவரைவிட வயதில் இளையவர், பாரிஸ்டர். 1914 வரை அவரே இருந்தார். அடுத்த இரண்டு தடவையும் அவர் இடத்தில்தான் இவர் இன்சார்ஜ்.

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓர் இந்தியர் நிரந்தரத் தலைமை நீதிபதியாக வந்தது எப்போது தெரியுமா? 1948-ல், பி.வி. ராஜமன்னார். நாடு சுதந்திரம் வாங்கும்வரை ஆகவில்லை.

1900-ல் சர் பட்டம் வந்தது. திவான் பகதூர் பட்டம் ஏற்கெனவே இருந்தது. 1904-ல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார், அதிலும் முதல் இந்தியர். காலேஜுக்குப் போகாமல் தனியாகப் பரீட்சை எழுதிய குமாஸ்தாவை அதே பல்கலைக்கழகத்தின் தலைமேல் உட்காரவைத்தார்கள். 1907-ல் கண் பார்வை மங்கிப்போனதால் ஓய்வு பெற்றார். அடுத்த வருடம் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. கோயில் சொத்துகள் ஒழுங்காக நிர்வகிக்கப்பட வேண்டும் என்று தர்ம ரக்ஷண சபை என்ற அமைப்பை ஆரம்பித்து அதில் கொஞ்ச காலம் ஓடினார்.

அறுபத்தைந்து வயது, பென்ஷன், சர் பட்டம், மங்கலான கண். இந்த இடத்தில் வரலாறு முடிந்திருக்கலாம். முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

நம் தாம்பரத்துக்காரர்களுக்கு அடையாறு என்றால் டெப்போ, மேம்பாலம், எல்.பி. ரோடு டிராபிக். ஆற்றங்கரையில் பெரிய ஆலமரத்தோடு இருக்கிற பிரம்மஞான சபை 1882 டிசம்பரிலிருந்து அங்கே இருக்கிறது. சுப்பிரமணிய ஐயர் அதில் ஈடுபாடுள்ளவர், சில வருடம் துணைத் தலைவராகவும் இருந்தார். சபைத் தலைவி அன்னி பெசன்ட் அம்மையார் 1916 செப்டம்பரில் ஹோம் ரூல் லீக் தொடங்கினார். தன்னாட்சி வேண்டும் என்பது கோரிக்கை. ஓய்வு பெற்ற நீதிபதி அதற்குக் கௌரவத் தலைவர். 1914-ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்கே வரவேற்புக் குழுத் தலைவராக மறுபடி மேடையேறியிருந்தார். தென்னிந்தியாவின் முதுபெரும் கிழவர் என்று அவரைச் சொன்னார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அதே 1916 டிசம்பரில்தான் இதே சென்னையில் தியாகராய செட்டியார் பெயரில் பிராமணரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. அரசாங்க வேலைகளிலும் பதவிகளிலும் ஒரு சாதியாரே நிறைந்திருக்கிறார்கள், இந்த நிலையில் தன்னாட்சி வந்தால் அது யாருடைய ஆட்சி என்று கேட்டது அந்த அறிக்கை. நியாயமான கேள்வி. மயிலாப்பூர் வக்கீல்கள் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை. பாரிஸ்டருக்குக் கீழே வக்கீல் நின்ற படி அவருக்குத் தெரிந்தது. தனக்குக் கீழே இருந்த படிகள் அவ்வளவு தெரிந்ததாகத் தோன்றவில்லை. நம் காலத்திலும் டிப்ளமோக்காரன் பி.இ.காரனைப் பார்த்துப் புலம்புவான், ஐ.டி.ஐ. படித்தவன் தன்னைப் பார்த்துப் புலம்புவது அவன் காதில் விழாது.

1917 ஜூன் மாதம் கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அரசாங்கம் பெசன்ட் அம்மையாரையும், அருண்டேல், வாடியா என்ற அவருடைய சகாக்கள் இருவரையும் காவலில் வைத்தது. அம்மையார் ஊட்டிக்கு அனுப்பப்பட்டார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், கடிதங்களை எல்லாம் சர்க்கார் பிரித்துப் படித்த காலம். லீக்கின் பொறுப்பு எழுபத்து நாலு வயதுக் கிழவர் கைக்கு வந்தது. மறுபடியும் இன்சார்ஜ்!

இந்தத் தடவை அவர் பைல்களை மட்டும் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. 1917 ஜூன் 24-ம் தேதி, நேராக அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்கே ஒரு கடிதம் எழுதினார். அந்த ஏப்ரலில்தான் அமெரிக்கா போரில் இறங்கியிருந்தது. உலகத்தில் ஜனநாயகத்தைக் காப்பாற்றவே போருக்கு வருகிறோம் என்பது வில்சனின் பேச்சு. அந்த வார்த்தை இந்தியாவுக்கும் பொருந்துமா என்பதுதான் கடிதத்தின் கேள்வி. அந்நிய நாட்டு அதிகாரிகள் அந்நிய மொழியில் ஆள்கிறார்கள், தங்களுக்குப் பெரிய சம்பளம் போட்டுக்கொள்கிறார்கள், மக்களுக்குக் கல்வி தர மறுக்கிறார்கள், நாட்டின் செல்வத்தை உறிஞ்சுகிறார்கள், சொந்த நாட்டுக்காகப் பேசியவர்களைச் சிறையில் வைக்கிறார்கள் என்று அடுக்கியிருந்தார். உடனே தன்னாட்சி உறுதி கொடுத்தால் மூன்று மாதத்தில் 50 லட்சம் பேரும், அடுத்த மூன்று மாதத்தில் இன்னொரு 50 லட்சம் பேரும் போர்முனைக்கு இந்தியாவிலிருந்து முன்வருவார்கள் என்றும் எழுதினார்.

தபாலில் போட்டால் கடிதம் சர்க்கார் கைக்குத்தான் போகும். அடையாறில் தங்கியிருந்த ஹாட்ச்னர் என்ற அமெரிக்கத் தம்பதி ஊருக்குத் திரும்பும்போது அதைக் கையோடு எடுத்துப்போய் வாஷிங்டனில் சேர்த்தார்கள். சினிமாவில் வருவதைப் போலத்தான்.

கடிதத்தில் எனக்கு ஒப்பாத இடமும் உண்டு. ஒரு கோடி பேரைப் போருக்கு அனுப்புகிறேன் என்று சொல்ல அவர் யார்? போகிறவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்? அந்தக் கணக்கு நடக்கிற கணக்கா என்பதும் சந்தேகம்தான். பேரம் பேசத் தெரிந்த வக்கீல் பெரிய எண்ணைப் போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் பட்டமும் பென்ஷனும் கொடுத்த அரசாங்கத்தைப் பற்றி, போர்க் காலத்தில், இன்னொரு நாட்டு ஜனாதிபதிக்குத் தன் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறார். மொட்டைக் கடிதம் இல்லை.

அந்த வில்சன் யார் என்று தேடியபோது ஒரு வேடிக்கை கிடைத்தது. வேடிக்கை என்று சொல்லக் கூடாது. வில்சன் அமெரிக்காவின் தென் மாநிலத்துக்காரர், 1856-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர். அங்கே உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்து அடிமைமுறை ஒழிந்தது. அதற்குப் பின் 1877 வரை நடந்ததை மறுசீரமைப்புக் காலம் என்கிறார்கள். விடுதலையான கறுப்பின மக்கள் ஓட்டுப் போட்டார்கள், சட்டசபையில் உட்கார்ந்தார்கள். 1870-ல் வில்சன் குடும்பம் தென் கரோலினா மாநிலத் தலைநகர் கொலம்பியாவுக்குக் குடிபோனது, வில்சனுக்கு அப்போது பதின்மூன்று, பதினாலு வயது. அதே 1870-ல், அதே ஊரில், மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஜோனதன் ஜாஸ்பர் ரைட் என்ற கறுப்பின வழக்கறிஞர் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்காவில் எந்த மாநில உச்ச நீதிமன்றத்திலும் ஒரு கறுப்பினத்தவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. 1840-ல் பிறந்தவர், நம் ஐயரைவிட இரண்டே வயது மூத்தவர். மாநிலத்தின் புதிய அரசியல் சட்டத்தை எழுதிய 1868 மாநாட்டிலும் இருந்தார், செனட்டராகவும் இருந்தார், பிறகு நீதிபதி. ஏழு வருடம். 1877-ல் மத்திய அரசின் படை தெற்கிலிருந்து விலகியது, பழைய வெள்ளை எஜமானர்கள் ஆட்சிக்குத் திரும்பினார்கள், ரைட் ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று. காசநோயால் 1885-ல் இறந்தார். இங்கே சுப்பிரமணிய ஐயர் பம்பாய் மாநாட்டுக்குப் போன வருடம் அது.

இதையெல்லாம் அந்த ஊரிலேயே இருந்து பார்த்து வளர்ந்த வில்சன், பெரியவரானதும் அந்தக் காலத்தைத் தப்பான காலம் என்றே சரித்திரம் எழுதினார். ஜனாதிபதியானதும் அவருடைய அரசாங்கம் 1913-ல் மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து உட்காரவைத்தது. கீழே தள்ளப்பட்டவர்களின் மனுவுக்கு நியாயம் கேட்டு நம் ஆள் கதவைத் தட்டியது அந்த வீட்டில். உள்ளே இருப்பவர் எப்படிப்பட்டவர் என்பது மயிலாப்பூரிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்? வில்சன் அவருக்காக ஒரு விரலையும் அசைக்கவில்லை.

ஆனால் லண்டன் அசைந்தது. 1917 டிசம்பரில் இந்தியா மந்திரி மாண்டேகுவும் வைஸ்ராய் செம்ஸ்போர்டும் சென்னைக்கு வந்தார்கள். அரசியல் சீர்திருத்தம் பற்றிப் பேசலாம் என்று போன கிழவரை, கடிதத்துக்காக வைஸ்ராய் முகத்துக்கு நேரே கடிந்துகொண்டார். ஆகஸ்டிலேயே மாண்டேகு இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி தருவதாக அறிவித்தாயிற்று, செப்டம்பரில் பெசன்ட் அம்மையாரும் விடுதலை ஆகிவிட்டார். ஆனாலும் கடிதம் அவர்களுக்கு ஆறவில்லை. 1918-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலேயே விஷயம் வெடித்தது. அந்தக் கடிதம் வெட்கக்கேடு என்றும், எழுதியவர் வகித்த பதவியைப் பார்த்தால் மன்னிக்கவே முடியாதது என்றும் மாண்டேகு பேசினார்.

முத்துசாமி ஐயருக்குப் பின் அந்த நாற்காலியில் பன்னிரண்டு வருடம் நேர்மையாக உட்கார்ந்தவரை, மூன்று தடவை தலைமை நீதிபதி வேலையை வாங்கிக்கொண்டவரை, இந்த வார்த்தை சொன்னார்கள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. சண்டையும் பிடிக்கவில்லை. சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் அரசாங்கத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின் 1919-ல் தாகூர் சர் பட்டத்தைத் துறந்தது நம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே சென்னையில் ஒருவர் அதைச் செய்துவிட்டார்.

அதன் பிறகு அவரை டாக்டர் சுப்பிரமணிய ஐயர் என்று எழுதினார்கள். அந்த டாக்டர் பட்டம் பல்கலைக்கழகம் கொடுத்தது, லண்டன் கொடுத்ததல்ல. கடைசி வருடங்களில் ஆன்மிக ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். காந்தி காலம் வந்து அரசியல் வேறு பாதையில் போனது. 1924 டிசம்பர் 5-ம் தேதி, எண்பத்திரண்டு வயதில் சென்னையில் காலமானார்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்த ராத்திரி அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவரைப் பற்றி எழுதியிருக்கிற இடம் வந்ததும் அதை எடுத்துவிடச் சொல்லப் போகிறார் என்று பயந்துகொண்டே வாசித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு பீச்சுக்குப் போகலாமா என்றார். இரண்டு பேரும் அதே பிராட்வே பஸ்ஸில் போனோம். வழக்கம்போல நின்றுகொண்டேதான். லீவு நாள், பல்கலைக்கழக கேட் பூட்டியிருந்தது. கம்பி வழியாக எட்டிப் பார்த்தோம், நாங்கள் நின்ற இடத்திலிருந்து மரம்தான் தெரிந்தது. எதிரே மெரினாவில் சுண்டல் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தோம்.

ரொம்ப நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். அந்த மூணு தடவைக்கும் ஐயருக்கு ஆக்டிங் அலவன்ஸ் கொடுத்தாங்களா என்று.